2011 ஜப்பான் கால்பந்து லீக்கும் சுனாமியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆசியக் கால்பந்து பற்றிப் பேச்செடுத்தால் யாராவது ஒருவர் செண்டாய் அணியின் கதையைத் தொடங்கிவிடுகிறார். பாதி சரியாக இருக்கும், மீதி கேள்விப்பட்டதாக இருக்கும். "சுனாமி வந்த ஆண்டே அந்த ஊர் அணி கோப்பையை வென்றதாமே" என்று இதுவரை எத்தனை பேர் என்னிடம் கேட்டிருப்பார்கள் என்று கணக்கே இல்லை. நடந்தது அதைவிடப் பெரிது. ஆகவே திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்களின் வாயிலிருந்து வந்தபடியே தொகுத்து, தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன்.

எந்த ஆண்டு, எந்த லீக்? முதலில் அதைச் சொல்லுங்கள்.

ஜப்பானின் முதன்மைத் தொழில்முறைக் கால்பந்துப் போட்டியான ஜே லீக், 2011ஆம் ஆண்டு. மேல்நிலைப் பிரிவான ஜே1-இல் 18 அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற 17 அணிகளோடு சொந்த ஊரில் ஒரு முறை, வெளியூரில் ஒரு முறை ஆட வேண்டும். ஆக அணிக்கு 34 ஆட்டங்கள், மொத்தம் 306. ஐரோப்பாவைப் போல ஆகஸ்டில் தொடங்காமல் அப்போது ஜே லீக் மார்ச்சில் தொடங்கி டிசம்பரில் முடியும். அந்த ஆண்டு முதல் சுற்று மார்ச் 5ஆம் தேதி தொடங்கியது.

ஆறு நாள் கழித்து, மார்ச் 11 வெள்ளிக்கிழமை பிற்பகல் 2.46 மணிக்கு, வடகிழக்குக் கரையை ஒட்டிய கடலடியில் 9.0 அளவில் நிலம் அதிர்ந்தது. பின்னால் வந்த சுனாமி இவாதே, மியாகி, ஃபுகுஷிமா மாவட்டங்களின் கரையோர ஊர்களை வாரிச் சென்றது. இறந்தவர்கள் ஏறத்தாழ 15,900 பேர். 2,500க்கும் மேற்பட்டோர் இன்றுவரை காணாமல் போனோர் பட்டியலில்தான் இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26ஐ நாகப்பட்டினத்திலோ மட்டக்களப்பிலோ கண்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அன்று ஆட்டம் நடந்துகொண்டிருந்ததா?

இல்லை. இரண்டாம் சுற்று மறுநாள், சனிக்கிழமை தொடங்க இருந்தது. செண்டாய் நகரின் அணியான வெகால்டாவுக்கு அது அந்தப் பருவத்தின் முதல் சொந்த ஊர் ஆட்டம். எதிரணி நகோயா கிராம்பஸ், முந்தைய ஆண்டின் சாம்பியன். ஒரு நாள் தள்ளி அதிர்ந்திருந்தால் மைதானம் நிரம்பியிருந்திருக்கும். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

சேதம் வடகிழக்கில்தானே? ஒசாகாவிலும் ஹிரோஷிமாவிலும் எதற்காக நிறுத்தினார்கள்?

இது நியாயமான கேள்வி. ஒசாகாவில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் லீக் என்பது ஒரே கயிற்றில் கட்டிய 18 முடிச்சுகள். ஆட முடிந்தவர்கள் ஆடிக்கொண்டே போனால், முடியாதவர்கள் திரும்பி வரும்போது பல ஆட்டங்கள் பின்தங்கியிருப்பார்கள். பிறகு வாரத்துக்கு மூன்று ஆட்டம் ஆடி ஈடுகட்ட வேண்டியிருக்கும். வீட்டை இழந்தவரிடம் வட்டி கேட்பதைப் போன்றது அது.

நடைமுறைக் காரணங்களும் இருந்தன. ஃபுகுஷிமா அணுமின் நிலையம் செயலிழந்ததால் தோக்கியோ வட்டாரத்தில் மார்ச் 14 முதல் பகுதி பகுதியாக மின்வெட்டு அமலுக்கு வந்தது. பெட்ரோல் கிடைக்கவில்லை. ரயில்கள் முழுமையாக ஓடவில்லை. காவலர்களும் மருத்துவ ஊழியர்களும் வேறு வேலையில் இருந்தார்கள். பத்தாயிரக்கணக்கானோரை ஓரிடத்தில் கூட்டி, பின் பத்திரமாக வீட்டுக்கு அனுப்ப அந்த வாரங்களில் யாராலும் உறுதி சொல்ல முடியாது.

எத்தனை நாள் நின்றது? புள்ளிப்பட்டியலில் முதல் சுற்றுக்குப் பிறகு நேராக ஏழாம் சுற்று என்று இருக்கிறதே, அச்சுப்பிழையா?

பிழை இல்லை. ஆறு வாரத்துக்கு மேல் நின்று, ஏப்ரல் 23ஆம் தேதி மீண்டும் தொடங்கியது. அந்த வார இறுதிக்கு முன்பே வகுத்திருந்த அட்டவணையில் ஏழாம் சுற்று இருந்தது. அதை இடம் மாற்றாமல் அங்கேயே ஆடினார்கள். தவறிப்போன இரண்டு முதல் ஆறு வரையான சுற்றுகளைப் பின்னால், பெரும்பாலும் கோடையில், நுழைத்தார்கள். ஆகவே அணிகள் தங்கள் இரண்டாவது ஆட்டத்தையே "ஏழாம் சுற்று" என்ற பெயரில் ஆடின.

ஆட்டங்களைக் குறைத்து, அரைப் பருவமாக முடித்திருக்கலாமே?

முடித்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் 306 ஆட்டங்களில் ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை. என்னைக் கேட்டால் அந்தப் பருவத்தில் மிகக் குறைவாகப் பேசப்பட்ட, மிகப் பாராட்டத்தக்க வேலை இதுதான். கோல்கள் எல்லாருக்கும் நினைவிருக்கின்றன. அட்டவணை போட்டவர்களை யாரும் நினைப்பதில்லை.

அவர்களுக்கு இருந்த நெருக்கடியைப் பாருங்கள். டிசம்பர் 8ஆம் தேதி ஃபீஃபா கிளப் உலகக் கோப்பை ஜப்பானிலேயே தொடங்குகிறது. போட்டியை நடத்தும் நாட்டின் லீக் சாம்பியனுக்கு அதில் ஓர் இடம் உண்டு. அதற்குள் சாம்பியன் யாரென்று தெரிந்தாக வேண்டும். ஆக முடிவுத் தேதியான டிசம்பர் 3ஐத் தள்ள வழியில்லை. முன்பக்கம் ஐந்து சுற்றுகள் பறிபோயின, பின்பக்கம் சுவர். நடுவில்தான் இடம் தேட வேண்டும்.

இரண்டு இடத்தில் கிடைத்தது. லீக் கோப்பை என்ற தனிப் போட்டியில் வழக்கமாகக் குழு ஆட்டங்கள் நடக்கும். அவற்றை அந்த ஆண்டு அடியோடு நீக்கி, தோற்றால் வெளியே என்ற முறைக்கு மாற்றினார்கள். இன்னொன்று ஜூலை மாதம். அதற்குக் கொடுத்த விலை அடுத்த பதிலில் வருகிறது.

கோபா அமெரிக்காவிலிருந்து ஜப்பானை நீக்கிவிட்டார்கள் என்று படித்தேன். உண்மையா?

யாரும் நீக்கவில்லை, ஜப்பானே விலகியது. 2011 ஜூலையில் அர்ஜென்டினாவில் நடந்த தென்னமெரிக்கக் கோப்பைக்கு ஜப்பான் விருந்தினராக அழைக்கப்பட்டிருந்தது. அந்த ஜனவரியில்தான் ஆசியக் கோப்பையை வென்றிருந்த அணி. மெஸ்ஸியின் நாட்டில் ஆடும் வாய்ப்பு. ஆனால் தள்ளிவைத்த லீக் சுற்றுகளுக்கு ஜூலை தேவைப்பட்டது. அந்த நேரத்தில் கிளப்புகளிடமிருந்து முக்கிய வீரர்களைப் பிடுங்கிக்கொள்ள முடியாது.

ஏப்ரல் தொடக்கத்தில் விலகுவதாக அறிவித்தார்கள். அர்ஜென்டினக் கால்பந்துச் சங்கம் மறுபரிசீலனை செய்யும்படி கேட்டுக்கொள்ளவே, ஐரோப்பாவில் ஆடும் வீரர்களை வைத்தாவது அணி அனுப்பலாமா என்று பார்த்தார்கள். ஐரோப்பியக் கிளப்புகள் வீரர்களை விடச் சம்மதிக்கவில்லை. மே மாதம் இறுதியாக விலகினார்கள். அந்த இடத்துக்குக் கோஸ்டாரிகா வந்தது.

செண்டாய் அணியைப் பற்றி மட்டும் எல்லாரும் ஏன் பேசுகிறார்கள்?

அதிக சேதம் கண்ட மியாகி மாவட்டத்தின் தலைநகரம் செண்டாய். ஜே1-இல் அந்தக் கரையோரத்தின் ஒரே அணி வெகால்டா. பெயரின் பொருளையும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்த செய்தி இது: வேகா, ஆல்டேர் என்ற இரு விண்மீன்களின் பெயர்களைச் சேர்த்து உருவான சொல். பால்வீதியின் இரு கரைகளில் பிரிந்து நின்று ஆண்டுக்கு ஒரு முறை சந்திக்கும் காதலர்களாக அந்த விண்மீன்களைச் சொல்லும் தனபாதா திருவிழா செண்டாயில் மிகப் பெரிதாக நடக்கும்.

2010இல் அந்த அணி 14ஆம் இடத்தில் முடித்திருந்தது. அதாவது தரமிறக்கத்தைப் பற்றி, கடைசி இடங்களில் முடித்துக் கீழ்ப் பிரிவுக்குப் போவதைப் பற்றி, யோசிக்க வேண்டிய அணி. நிலநடுக்கத்தில் அதன் யுவர்டெக் மைதானம் சேதமடைந்தது. சில வாரங்கள் பயிற்சியே இல்லை. வீரர்கள் மண்வெட்டியோடு சேறு அள்ளப் போனார்கள். ஏப்ரல் 7ஆம் தேதி மறுபடியும் ஏழுக்கு மேற்பட்ட அளவில் மியாகியில் ஒரு பின்னதிர்வு வந்தது. அந்த நிலையிலிருந்துதான் லீக்குக்குத் திரும்பினார்கள்.

ஏப்ரல் 23 ஆட்டத்தில் அப்படி என்னதான் நடந்தது?

கவாசாகி நகரின் தோதோரோகி மைதானம், எதிரணி கவாசாகி ஃப்ரொன்டாலே. செண்டாய்க்கும் தோக்கியோவுக்கும் இடையே புல்லட் ரயில் அன்றுவரை நேரடியாக ஓடத் தொடங்கவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் தொடங்கியது. இருந்தும் மஞ்சள் சட்டை போட்ட செண்டாய் ரசிகர்கள் வந்து சேர்ந்து ஒரு பக்கத்தை நிரப்பினார்கள்.

முதல் பாதியில் கவாசாகி ஒரு கோல் போட்டது. இரண்டாம் பாதியில் செண்டாய் வீரர் யோஷியாகி ஓதாவுக்குக் காலில் தசைப்பிடிப்பு. நொண்டிக்கொண்டுதான் முன்களத்தில் நின்றார். 73ஆம் நிமிடத்தில் அவர் உதைத்த பந்து எதிரணி வீரர்மேல் பட்டுத் திசை மாறி வலைக்குள் போனது. அழகான கோல் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காலோடு அந்த இடத்தில் நின்றாரே, அதுதான். 87ஆம் நிமிடத்தில் ரியாங் யோங்கி தூக்கி அனுப்பிய ஃப்ரீ கிக்கைப் பின்கள வீரர் ஜிரோ கமாதா தலையால் முட்டி உள்ளே தள்ளினார். 2-1. பயிற்சியாளர் மகோதோ தெகுராமோரி ஆட்டம் முடிந்ததும் அழுதுவிட்டார்.

சொந்த ஊருக்கு எப்போது திரும்பினார்கள்?

ஆறே நாளில், ஏப்ரல் 29ஆம் தேதி. யுவர்டெக் மைதானத்தில் உராவா ரெட்ஸ் அணியோடு ஆடி 1-0 என வென்றார்கள். கோல் போட்டவர் அதே ஓதா. அன்றே தொஹோகு எனப்படும் வடகிழக்கு வட்டாரத்தின் புல்லட் ரயில் பாதை முழுவதும் மீண்டும் திறக்கப்பட்டது. அன்றே அந்த ஊரின் பேஸ்பால் அணியான ராக்குட்டன் ஈகிள்ஸும் தன் முதல் சொந்த ஊர் ஆட்டத்தை ஆடி வென்றது. ரயில், கால்பந்து, பேஸ்பால் மூன்றும் ஒரே நாளில் ஊருக்குத் திரும்பின.

அப்படியானால் கோப்பையும் செண்டாய்க்குத்தானே?

இல்லை, நான்காம் இடம். தொடக்கத்தில் பத்து ஆட்டங்களுக்கு மேல் தோல்வியே காணவில்லை. பருவம் முழுவதும் வாங்கிய கோல்கள் 25தான். 18 அணிகளில் அதுவே மிகக் குறைவு. 14 வெற்றி, 14 சமன், 6 தோல்வி. விட்டுக்கொடுக்காத அணியின் கணக்கு அது. மறு ஆண்டு இரண்டாம் இடம் பிடித்து, 2013இல் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கிலும் ஆடினார்கள்.

கோப்பை காஷிவா ரெய்சோல் அணிக்குப் போனது. அதுவும் சாதாரணக் கதை அல்ல. 2010இல் இரண்டாம் பிரிவில் ஆடிவிட்டு மேலே வந்த அணி, வந்த ஆண்டே சாம்பியன். ஜப்பானில் அதற்கு முன் யாரும் செய்யாதது. கடைசி நாளில் காஷிவா 72, நகோயா 71, கம்பா ஒசாகா 70 என்று முடிந்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் மதிப்பு இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். ஐந்து சுற்றுகளை வெட்டியிருந்தால் இந்தப் பட்டியல் எப்படி மாறியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஐந்து நாள் கழித்து, மேலே சொன்ன கிளப் உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் காஷிவா களமிறங்கியது.

வேறு அணிகளுக்குச் சேதமே இல்லையா?

உண்டு. கஷிமா ஆன்ட்லர்ஸின் மைதானம் 2002 உலகக் கோப்பைக்குப் பயன்பட்டது. அது பழுதானதால் அந்த அணி பருவத்தின் முற்பகுதியில் சொந்த ஊர் ஆட்டங்களைத் தோக்கியோ தேசிய மைதானத்தில் ஆடியது. இரண்டாம் பிரிவில் மிதோ ஹோலிஹாக்கின் மைதானமும் சேதமடைந்தது. செண்டாய்க்கு அருகில் ரிஃபு என்ற ஊரில் 2002 உலகக் கோப்பை ஆட்டங்கள் நடந்த மியாகி மைதானம் இருக்கிறது. அதே வளாகத்தின் உள்ளரங்கு, சுனாமியில் இறந்தவர்களின் உடல்களை வைக்கும் இடமாயிற்று.

அணு உலை ஊழியர்கள் கால்பந்து மைதானத்தில் தங்கினார்கள் என்பது கட்டுக்கதையா?

கட்டுக்கதை இல்லை. ஜே-வில்லேஜ் என்பது ஃபுகுஷிமா கரையில் 1997இல் திறக்கப்பட்ட தேசியப் பயிற்சி மையம். தோக்கியோ மின்சார நிறுவனமான டெப்கோ கட்டி மாவட்டத்துக்கு வழங்கியது. 2002 உலகக் கோப்பையின்போது அர்ஜென்டின அணி தங்கிப் பயிற்சி செய்த இடம். விபத்து நடந்த அணு உலைகளிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரம். அதனாலேயே விபத்தைச் சமாளிக்கும் பணிக்கு அது தளமானது. ஊழியர்கள் அங்கேதான் பாதுகாப்பு உடை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். புல்தரைகள்மேல் சரளைக் கல் கொட்டி வண்டி நிறுத்தினார்கள். மைதானத்துக்குள்ளேயே தற்காலிகக் குடியிருப்புகள் எழுந்தன.

2018 ஜூலையில் ஒரு பகுதியும் 2019 ஏப்ரலில் முழுவதும் மீண்டும் திறக்கப்பட்டன. தோக்கியோ ஒலிம்பிக் சுடர் ஓட்டம் 2021 மார்ச் 25 அன்று அங்கிருந்துதான் புறப்பட்டது.

அந்த ஆண்டு பெண்கள் உலகக் கோப்பையை ஜப்பான் வென்றது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு உண்டு. டெப்கோ நடத்திய மரீஸ் என்ற மகளிர் அணி, மேலே சொன்ன ஜே-வில்லேஜையே தளமாகக் கொண்டது. அதன் வீராங்கனை அயா சமேஷிமா அணுமின் நிலையத்தில் வேலையும் பார்த்தவர். விபத்துக்குப் பின் அணி செயல்பாட்டை நிறுத்தியது. அவர் அமெரிக்காவின் பாஸ்டன் அணிக்குப் போனார். அங்கிருந்து தேசிய அணிக்கு வந்து, ஜூலை 17 அன்று ஃபிராங்க்ஃபர்ட்டில் அமெரிக்காவைப் பெனால்டியில் வீழ்த்திய அணியில் ஆடினார். காலிறுதியில் ஜெர்மனியை வீழ்த்திய கோலைப் போட்ட கரினா மருயாமாவும் ஒரு காலத்தில் டெப்கோ ஊழியர்தான்.

கலைந்த மரீஸ் அணியை 2012இல் வெகால்டா ஏற்றுக்கொண்டு தன் மகளிர் அணியாக்கியது. தன் வீட்டுக் கூரை போன ஊர், பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கும் இடம் கொடுத்தது.

வெளிநாட்டு வீரர்கள் பயந்து ஓடிவிட்டார்களாமே?

"ஓடிவிட்டார்கள்" என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். செண்டாய் அந்தப் பருவத்துக்காகப் பெரிய நம்பிக்கையோடு எடுத்த பிரேசில் முன்கள வீரர் மார்க்கின்யோஸ், நிலநடுக்கத்தின் அதிர்ச்சியால் தொடர முடியவில்லை என்று ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு நாடு திரும்பினார். கஷிமாவில் இருந்தபோது 2008இல் லீக்கின் சிறந்த வீரர் விருது பெற்றவர். அவருக்குக் குடும்பம் இருந்தது. கதிர்வீச்சுச் செய்தி நாள்தோறும் வந்துகொண்டிருந்தது. மறு ஆண்டே யோகோஹாமா அணிக்காக அதே ஜப்பானுக்குத் திரும்பி வந்தார். இதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

44 வயதில் மியுரா போட்ட கோல் லீக் கணக்கில் சேருமா?

சேராது. அது மார்ச் 29 அன்று ஒசாகாவின் நகாய் மைதானத்தில், ஜப்பான் தேசிய அணிக்கும் ஜே லீக் வீரர்கள் அணிக்கும் இடையே நடந்த நிதி திரட்டும் ஆட்டம். ஜப்பானின் மூத்த முன்கள வீரர் கசுயோஷி மியுரா மாற்று வீரராக வந்து 82ஆம் நிமிடத்தில் கோல் போட்டு, தனக்கே உரிய நடனத்தை ஆடினார். தேசிய அணி 2-1 என வென்றது. லீக் நின்றிருந்த நாட்களில் மக்கள் பார்த்த கால்பந்து அது. ஒசாகாவில் சேதம் இல்லாததால் அங்கே வைத்தார்கள்.

சோனி செண்டாய் அணியின் ஆட்ட எண்ணிக்கை மட்டும் பட்டியலில் குறைவாக இருக்கிறதே?

கூர்ந்து பார்த்திருக்கிறீர்கள். சோனி செண்டாய், அப்போது மூன்றாம் நிலையில் இருந்த ஜேஎஃப்எல் போட்டியில் ஆடும் நிறுவன அணி. தாகாஜோ நகரில் உள்ள அதன் ஆலைக்குள் சுனாமி நீர் புகுந்தது. வீரர்கள் ஆலை ஊழியர்கள். ஆலையை மீட்பதா, பந்து ஆடுவதா? பருவத்தின் முதல் பாதி ஆட்டங்களிலிருந்து அந்த அணிக்கு விலக்கு அளித்து, தரமிறக்கமும் இல்லை என்று முடிவு செய்தார்கள். ஒரே பேரிடருக்கு ஜே லீக் ஒரு தீர்வும் ஜேஎஃப்எல் இன்னொரு தீர்வும் கண்டன. இரண்டும் சரியே என்பது என் கருத்து. ஆட்டமே பிழைப்பாக உள்ளவர்களுக்கு எல்லா ஆட்டமும் வேண்டும். ஆலை பிழைப்பாக உள்ளவர்களுக்கு ஆலை முதலில் நிற்க வேண்டும்.

அப்படியானால் ஜே1-இல் தரமிறக்கத்தை நிறுத்தாதது அநியாயம் இல்லையா?

இதுதான் எனக்கு மிகக் கடினமான கேள்வி. கடைசி இடத்தில் முடித்து இறங்கிய அணி மொந்தேதியோ யமகாதா. மியாகிக்கு அடுத்த மாவட்டம், அதுவும் தொஹோகுதான். மேற்குப் பக்கம் ஜப்பான் கடலை ஒட்டிய மாவட்டமாதலால் சுனாமி அங்கே பாழாக்கவில்லை. ஆனால் போக்குவரத்தும் எரிபொருளும் அங்கேயும் முடங்கின. கோஃபு, ஃபுகுவோகா அணிகளும் இறங்கின. விலக்கு தருவதென்றால் எந்த மாவட்டத்தில் கோடு போடுவது? எல்லாருக்கும் எல்லா ஆட்டமும் என்று மேலே சொன்ன முடிவை எடுத்துவிட்டால், மேலே ஏறுவதையும் கீழே இறங்குவதையும் ஏற்கத்தான் வேண்டும். யமகாதா ரசிகர் ஒருவர் இதை ஏற்க மறுத்தால் அவரோடு வாதாட எனக்கு மனம் வராது.

இதற்கு முன்னும் பின்னும் இப்படி நடந்ததா?

1995 ஜனவரி 17 அதிகாலையில் கோபே நகரை நிலநடுக்கம் தாக்கி 6,400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புதிதாக அமைந்த விஸ்ஸல் கோபே அணி முதன்முதலாகப் பயிற்சிக்குக் கூட இருந்த நாள் அதுவே. 2016 ஏப்ரலில் குமாமோதோவில் அடுத்தடுத்து இரண்டு பெரும் அதிர்வுகள் வந்தன. ரோவாஸ்ஸோ குமாமோதோ அணியின் ஆட்டங்கள் மட்டும் தள்ளிவைக்கப்பட்டன. மே மாதம் திரும்பி, காஷிவா, கோபே போன்ற ஊர்களின் மைதானங்களைச் "சொந்த ஊராக" வைத்து ஆடிவிட்டு, ஜூலை 3 அன்று தன் மைதானத்துக்கு வந்தது. கடன் கொடுத்த ஊர்களின் பெயரைக் கவனியுங்கள்.

சோறில்லாதவனுக்குக் கால்பந்து எதற்கு? உண்மையைச் சொல்லுங்கள்.

சோறில்லாத நாளில் எதற்கும் இல்லை. அதனால்தான் ஆறு வாரம் நிறுத்தினார்கள். ஆனால் அந்த ஆட்டக்காரர்கள் வேறு பலவற்றுக்குப் பயன்பட்டார்கள். கஷிமாவின் நடுக்கள வீரர் மிட்சுவோ ஓகசவாரா இவாதே மாவட்டத்துக்காரர், ஓஃபுனாதோவில் படித்தவர். தொஹோகுவில் பிறந்த வீரர்களைக் கூட்டி ஒரு சங்கம் அமைத்தார். ஓஃபுனாதோவில் சுனாமி பாழாக்கிய ஒரு தொடக்கப்பள்ளியின் இடத்தில் பிள்ளைகளுக்கு மின்விளக்கோடு ஒரு மைதானம் உருவாக உழைத்தார்.

கவாசாகி அணி செய்தது இன்னும் எளிமையானது. தங்கள் நகரப் பள்ளிகளுக்காக வீரர்களின் படம் போட்டு அச்சிடும் கணக்குப் பயிற்சிப் புத்தகம் ஒன்று அவர்களிடம் இருந்தது. ரிகுசென்தகாதா ஊரில் பள்ளிப் பிள்ளைகளின் புத்தகங்களைக் கடல் கொண்டுபோனது தெரிந்ததும், அந்தப் புத்தகங்களை அங்கே அனுப்பினார்கள். பிறகு வீரர்கள் போனார்கள். ஆண்டுதோறும் போனார்கள். 2016 ஜூலையில் ரிகுசென்தகாதாவில் ஒரு நட்பு ஆட்டம் நடந்தது. ஆடியவை கவாசாகியும் செண்டாயும்.